புளூடூத்தோடு இருபது ஆண்டுகள்: கோப்பும் பாட்டும்

இரண்டு கைப்பேசிகளை மேசைமேல் தலையோடு தலை முட்ட வைத்துவிட்டு, அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்போம். 2005ஆம் ஆண்டு, என் முதல் புளூடூத் கைப்பேசி வந்த சமயம் அது. அப்படி ஒட்டி வைக்க வேண்டிய தேவையே இல்லை; பத்து மீட்டர் வரை எட்டும் என்று கையேட்டிலேயே போட்டிருந்தது. ஆனால் அதற்கு முன்பு நான் வைத்திருந்தது அகச்சிவப்புக் கதிர் வசதி கொண்ட கைப்பேசி. அதில் இரண்டின் கண்களும் நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். கை பட்டு ஒன்று நகர்ந்தால் அனுப்பியது பாதியில் அறுந்துவிடும். அந்தப் பயம் விட்டுப்போகப் பல மாதங்கள் ஆயின. ஒருநாள் பாட்டு போய்க்கொண்டிருக்கும்போதே நண்பர் தன் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். பதறிப்போய்த் திரையைப் பார்த்தேன். பட்டை நகர்ந்துகொண்டுதான் இருந்தது. இந்தத் தொழில்நுட்பத்தின்மேல் எனக்கு மரியாதை பிறந்தது அன்றுதான்.

வேகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துப் புளூடூத் 1.2 பதிப்பில் ஒரு திசையில் கிடைக்கும் உச்ச வேகம் நொடிக்கு 723 கிலோபிட். அதாவது நொடிக்கு 90 கிலோபைட். நான்கு மெகாபைட் பாட்டு ஒன்று போய்ச் சேர ஏட்டுக் கணக்கில் முக்கால் நிமிடம். நடைமுறையில் ஒரு நிமிடத்துக்கும் மேல். 2004இல் வெளியான 2.0 பதிப்பின் ஈடிஆர் என்ற வேகம் கூட்டும் வசதி இதை ஏறத்தாழ 2.1 மெகாபிட்டாக உயர்த்தியது. அதே பாட்டு இருபது நொடிக்குள் முடிந்துவிடும். கோப்பு அனுப்புவதைப் பொறுத்தவரை வேகம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது என்பதைப் பலர் அறிவதில்லை. புளூடூத் 5 என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, கோப்புகள் பறக்கும் என்று எதிர்பார்த்து வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2016இல் வந்த அந்தப் பதிப்பின் முன்னேற்றங்கள் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் பகுதிக்கு உரியவை. கோப்பு இன்னமும் பழைய ஈடிஆர் பாதையில்தான் போகிறது. இருபது ஆண்டுகளில் நான் ஆறு கைப்பேசிகள் மாற்றிவிட்டேன். இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு இந்த வேகத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் எதையும் காணவில்லை.

ஆனாலும் எனக்கு அதன்மேல் பிடிப்பு குறையவில்லை. இணையம் வேண்டாம், சிம் வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், செயலி எதையும் நிறுவ வேண்டாம். அனுப்புகிறவர் ஒரு நிறுவனத்தின் கைப்பேசி, வாங்குகிறவர் இன்னொன்றின் கைப்பேசி என்றாலும் பெரும்பாலும் தடையில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் இடையே இப்படிக் கோப்பு போகாது. ஐபோன் அந்தக் கோப்புப் பரிமாற்ற முறையை ஏற்பதில்லை. எதிரில் இருப்பவர் எந்தக் கைப்பேசி வைத்திருக்கிறார் என்று முதலில் கேட்டுவிட்டால் பத்து நிமிடம் மிச்சம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். எண்பது மெகாபைட் காணொளி ஒன்று 95 விழுக்காட்டில் நின்றுபோனபோது, நானும் அதை வாங்கிக்கொண்டிருந்தவரும் ஒரு சொல்லும் பேசாமல் மறுபடி தொடங்கினோம். அடுத்தது, வந்த கோப்பு எங்கே போனது என்ற குழப்பம். பழைய கைப்பேசிகளில் அது குறுஞ்செய்திகளோடு செய்திப் பெட்டியில் விழும். பிறகு புளூடூத் என்றே ஒரு தனிக் கோப்புறை வந்தது. இப்போது பல கைப்பேசிகளில் பதிவிறக்கங்களோடு கலந்துவிடுகிறது. என்னிடம் உதவி கேட்டவர்களில் பாதிப் பேர் கேட்டது இந்த ஒரே கேள்விதான்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். 2004இல் கேபிர் என்ற தீநிரல், சிம்பியன் என்ற அன்றைய இயங்குதளம் கொண்ட கைப்பேசிகளில் புளூடூத் வழியாகவே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவியது. அது தானாக உள்ளே நுழையவில்லை; வந்ததை ஏற்கவா என்று கைப்பேசி கேட்டபோது ஆம் என்று அழுத்தியவர்களிடம்தான் நுழைந்தது. தெரியாத பெயரிலிருந்து வரும் எதையும் ஏற்பதில்லை என்ற பழக்கத்தை அன்றே கைக்கொண்டேன். வேலை முடிந்ததும் மற்றவர்களுக்குத் தென்படும் நிலையை அணைத்துவிடுவேன். 2007இல் வந்த 2.1 பதிப்புக்குப் பிறகு, இணைக்கும்போது இரு திரைகளிலும் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றுகிறது. தயவுசெய்து இரண்டையும் படித்து ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் வேறொருவர் புகுந்திருந்தால் காட்டிக்கொடுப்பது அந்த எண்தான். படிக்காமல் சரி என்று அழுத்தினால் அது அங்கே இருப்பதற்கே பொருளில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்தது ஒன்று. அலமாரியை ஒழிக்கும்போது என் பழைய கைப்பேசி கிடைத்தது. அதற்குள் இறந்துபோன என் பாட்டியின் குரல் இருந்தது. மூன்று நிமிடப் பதிவு, ஏதோ கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நடுவில் என்னை அதட்டுகிறார். கைப்பேசியின் தகவல் கம்பி எப்போதோ தொலைந்துவிட்டது. அந்த முனைக்குப் பொருந்தும் கம்பி எங்கும் கிடைக்கவில்லை. நினைவக அட்டைக்கு அதில் இடமே இல்லை. மின்னேற்றி மட்டும் இருந்தது. பேட்டரி உப்பத் தொடங்கியிருந்ததால் அவசரம் வேறு. புளூடூத்தை இயக்கினேன். புதிய கைப்பேசி பழையதைக் கண்டுபிடித்தது. பழையது நான்கு இலக்க எண் கேட்டது. நான்கு சுழியம் கொடுத்தேன், இரண்டிலும். ஏற்கவா என்று புதியது கேட்டது. முந்நூறு கிலோபைட்டுக்கும் குறைவான கோப்பு. பட்டை தோன்றி மறைவதற்குள் வந்துவிட்டது. இடையில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உள்ள இரண்டு கருவிகள், ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரிந்தது. வேறெந்த வழியிலும் அந்தக் குரல் வெளியே வந்திருக்காது. மற்றெல்லாக் குறைகளையும் நான் இதற்காகவே பொறுத்துக்கொள்வேன்.

பெரிய கோப்புகளுக்கு இது ஒத்துவராது என்பதில் சந்தேகமில்லை. ஒரு கிகாபைட் காணொளிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். இன்றைய ஆப்பிளின் ஏர்டிராப், ஆண்ட்ராய்டின் குவிக் ஷேர் போன்ற கோப்புப் பகிர்வு வசதிகள் புளூடூத்தை விட்டுவிடவும் இல்லை. அருகில் யார் இருக்கிறார் என்று கண்டறிவதற்கு அதை அனுப்பிவிட்டு, சுமையைத் தூக்க வைஃபையை அழைக்கின்றன. தூது போவது ஒருவர், பாரம் சுமப்பது இன்னொருவர். 2009இல் வந்த புளூடூத் 3.0 பதிப்பிலேயே இந்த யோசனை இருந்தது. அப்போது அது பரவவில்லை. நான் இப்போது பத்து மெகாபைட் வரை நேரடிப் புளூடூத், அதற்கு மேல் வைஃபை துணை என்று பிரித்துக்கொள்கிறேன். தொடர்பு எண், ஆவணம், ஒன்றிரண்டு படங்கள் ஆகியவற்றுக்கு நேரடிப் புளூடூத்தே போதும்.

இனி பாட்டு. கோப்பு அனுப்புவதும் பாட்டு கேட்பதும் ஒரே வானொலி அலையில் நடந்தாலும் அடிப்படையில் வேறு வேறு வேலைகள். கோப்புக்கு அவசரமில்லை, ஒரு துணுக்கு தவறினால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், முழுமையாக வந்தால் போதும். பாட்டில் அந்தத் துணுக்குக்கு நேரம் குறித்திருக்கிறது. அது தாமதித்து வந்தால் வராததற்குச் சமம். அதனால்தான் இயர்போன் சிறிது ஒலியை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொண்டு ஓடுகிறது. சேமிப்பு தீர்ந்தால் பாட்டு விக்குகிறது. சேமிப்பைக் கூட்டினால் ஒலி பின்தங்குகிறது. கம்பியில்லா ஒலியைப் பற்றி நான் கேட்ட குறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில் அடங்கிவிடும்.

விக்கலை நான் நெடுநாள் இயர்போனின் பழுது என்றே நினைத்திருந்தேன். வீட்டுக்குள் நன்றாகப் பாடும். திறந்தவெளியில் நடைபயிற்சி போனால் ஒவ்வோர் அடிக்கும் விட்டுவிட்டுக் கேட்கும். அருகில் தடையே இல்லாத இடத்தில் ஏன் இப்படி என்று புரியவில்லை. காரணம் என் உடம்பேதான். புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் உறிஞ்சும். நம் உடல் பெரும்பாலும் நீர். வலப்பக்கப் பின்பையில் கைப்பேசி, இடக்காதில் கைப்பேசியோடு நேராகப் பேசும் முதன்மை இயர்போன் என்றால் அலை என் உடம்பு முழுவதையும் கடந்தாக வேண்டும். வீட்டுக்குள் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலை சுற்றிவந்து காதைச் சேர்ந்துவிடுகிறது. திறந்தவெளியில் பட்டுத் திரும்ப எதுவுமில்லை. கைப்பேசியை இடப்பக்கச் சட்டைப்பைக்கு மாற்றினேன். அன்றோடு விக்கல் நின்றது.

நெரிசல் இன்னொரு காரணம். புளூடூத் தன் அலைவரிசையை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1,600 முறை தடம் மாறித் தாவுகிறது. 2003இன் 1.2 பதிப்பிலிருந்து, வைஃபை பிடித்துக்கொண்ட தடங்களை ஒதுக்கிவிட்டுத் தாவவும் கற்றுக்கொண்டது. இருந்தும் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது அதன் பக்கத்தில் நின்றால் என் ஸ்பீக்கர் தடுமாறுகிறது. அதுவும் அதே அதிர்வெண் பகுதியில்தான் இயங்குகிறது. வீட்டு வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியது எனக்குக் கண்கூடான பலன் தந்தது.

கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை, பற்றிய விவாதங்களில் நிறைய நேரம் செலவிட்டிருக்கிறேன். எல்லாக் கருவியிலும் கட்டாயம் இருப்பது எஸ்பிசி; வழக்கமான உயர்தர அமைப்பில் நொடிக்கு 328 கிலோபிட். எல்டிஏசி என்ற இன்னொரு கோடெக் 990 வரை போகும். எண்ணைப் பார்த்து மயங்கி நானும் அதை உச்சத்தில் பூட்டிவைத்தேன். அமைதியான அறையில், கைப்பேசி மடியில் இருக்கும்போது அருமை. கூட்டமான இடத்தில் நொடிக்கு நொடி அறுந்தது. இப்போது இணைப்பு நிலைமைக்கேற்ப அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ள விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், காதுக்குச் சரியாகப் பொருந்தும் ரப்பர் முனையைத் தேடி மாட்டியபோது கிடைத்த வித்தியாசம், எந்தக் கோடெக் மாற்றத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. அடிநாதம் கசியாமல் நின்றது. ஒலியளவையும் குறைத்துக்கொள்ள முடிந்தது.

தாமதத்துக்கு வருகிறேன். படம் பார்க்கையில் உதடும் சொல்லும் இப்போது பெரும்பாலும் பொருந்திவிடுகின்றன. ஒலி எவ்வளவு பின்தங்கும் என்று தெரிந்துகொண்டு காட்சியையும் செயலி அதற்கேற்பத் தாமதப்படுத்துகிறது. விளையாட்டில் அது நடக்காது, நீங்கள் தொட்ட கணத்தை யாரும் தள்ளிப்போட முடியாது. டேப்லெட்டில் பியானோ செயலி ஒன்றைக் கம்பியில்லா ஹெட்போனோடு வாசித்துப் பார்த்தேன். விரல் விழுந்து, எழுந்து, அடுத்த கட்டைக்குப் போனபிறகு முதல் சுரம் கேட்டது. வாசிப்புக்குக் கம்பிதான், இதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

இணையவழிக் கூட்டங்களில் ஒலி திடீரென்று பழைய தொலைபேசிபோல ஆகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். பாட்டுக்கான ஏ2டிபி முறை ஒருவழிப் பாதை. இயர்போனின் மைக் திறந்தவுடன் கருவி இருவழிப் பேச்சுமுறைக்குத் தாவுகிறது; அதில் ஒலியின் மாதிரி வீதம், அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிகிறது என்பது, பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான். வழி எளிது: அமைப்புகளில் மைக்காக டேப்லெட்டின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் தேர்ந்தெடுங்கள், கேட்பதற்கு மட்டும் இயர்போன். பேசுபவரின் குரல் மறுபடி நிறைவாகக் கேட்கும். இதை எனக்கு யாராவது ஐந்து ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருக்கலாம்.

மனம் ஆறாத ஒன்று பேட்டரி. என் இரண்டாவது ஜோடி இயர்பட் இரண்டரை ஆண்டில் சோர்ந்துவிட்டது. இடப்பக்கத்தது நாற்பது நிமிடம், வலப்பக்கத்தது இரண்டு மணி நேரம். ஒலியில் ஒரு குறையும் இல்லை. தயாரித்த நிறுவனத்திடம் பேட்டரியை மட்டும் மாற்றித் தரக் கேட்டேன். அப்படி ஒரு சேவையே கிடையாது, புதிது வாங்குங்கள் என்றார்கள். நல்ல நிலையில் உள்ள ஒலிபெருக்கி, மைக், சில்லு எல்லாம் பசை போட்டு மூடிய கூட்டோடு குப்பைக்குப் போக வேண்டும் என்பது எனக்குத் தாங்கவில்லை. இதற்குப் பிறகு வாங்கியது பெரிய ஹெட்போன். பேட்டரியைத் திருகாணி கழற்றி மாற்றலாம், கம்பி செருகவும் துளை உண்டு.

அடுத்த வாங்கலுக்கு நான் காத்திருப்பது 5.2 பதிப்போடு வந்த எல்இ ஆடியோவுக்காக; குறைந்த மின்சாரப் பகுதியிலேயே ஒலியை அனுப்பும் முறை அது. எஸ்பிசிக்குப் பதில் எல்சி3 என்ற கோடெக்; குறைந்த பிட்டில் நல்ல ஒலி, அதனால் பேட்டரிக்கும் ஓய்வு. இதிலேயே ஆராகாஸ்ட் என்ற வசதி இருக்கிறது: ஒரு கருவி ஒலிபரப்ப, சுற்றியுள்ள எத்தனை பேரும் தத்தம் இயர்போனிலோ காது கேட்கும் கருவியிலோ கேட்கலாம். என் மாமாவுக்குக் காது மந்தம். நாங்கள் சேர்ந்து படம் பார்க்கும்போது அவருக்குக் கேட்கும்படி டேப்லெட்டின் ஒலியை ஏற்றினால் எனக்குக் காது வலிக்கிறது. எனக்கேற்ப இறக்கினால் அவர் திரையை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய காது கேட்கும் கருவியில் இந்த வசதி இருக்கிறது. என் டேப்லெட்டில் இன்னும் இல்லை.