எச்சரிக்கை: புது தெர்மோஸ்டாட் போட்டதாக பில், உள்ளே திறந்தால் காலி. எனக்குப் போனது 47,800 ரூபாய்

47,800 ரூபாய். நேற்று ராத்திரி எட்டு மணிக்கு வேறொரு மெக்கானிக்கிடம் அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு வண்டியை வெளியே எடுத்து வந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் கார் வைத்திருக்கிறவர்கள், முக்கியமாகத் தனியாக ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற பெண்கள், இதை முழுசாகப் படியுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

என்னை ஏமாற்றிய ஒர்க்‌ஷாப்பின் பெயரைப் போடவில்லை. தென்சென்னையில், எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கிற மல்டிபிராண்ட் இடம். இரண்டு லிஃப்ட், முன்னால் ஏசி போட்ட கண்ணாடி ரூம், அதில் ஓனர். நான் ஒன்றும் விசாரிக்காமல் போய் மாட்டவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவில் சீட் வரைக்கும் தண்ணீர். ஊரே டோ வண்டிக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். அப்போது இந்த ஓனர்தான் இரண்டு பையன்களோடு வந்து, "அக்கா, சாவியைப் போடாதீங்க, தண்ணி உள்ள போயிருந்தா இஞ்சின் போயிடும்" என்று சொல்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நியாயமான காசுதான் வாங்கினார். அன்றிலிருந்து எனக்கு அவர் தம்பி, அவருக்கு நான் அக்கா. அந்த ஒரு நாள் நன்றியை வைத்துத்தான் இரண்டு வருஷத்துக்கும் மேலாக எதையும் கேள்வி கேட்காமல் பில் கட்டினேன்.

வண்டி 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். இந்த பிப்ரவரி கடைசியில் பல்லாவரம் சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டி மேலே போனது. உடனே ஓரம் கட்டி, ஆறவிட்டு, மெதுவாக அவரிடமே கொண்டுபோனேன். அரை மணி நேரத்தில் பழைய தெர்மோஸ்டாட்டை, அதாவது இஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்துகிற சின்ன வால்வை, கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இங்க பாருங்க அக்கா, துருப்பிடிச்சு அப்படியே ஒட்டிக்கிச்சு. இது திறக்கல, அதான் முள் ஏறுது. புதுசு போட்டுட்டா நீங்க காசிக்கே போயிட்டு வரலாம்." புது டப்பாவைப் பிரிக்காமல் காட்டினார். பையனை விட்டு எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். கண்ணாடி ரூமில் ஏசியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நிமிஷம் எழுந்து போய் வண்டி பக்கத்தில் நின்றிருந்தால் இன்று 47,800 ரூபாய் என் கையில் இருந்திருக்கும்.

பில் 6,350. புது தெர்மோஸ்டாட், அது உட்காருகிற கூட்டுக்கு (ஹவுசிங்) கேஸ்கெட், கூலன்ட் (இஞ்சினை ஆறவைக்கிற திரவம்) 4 லிட்டர், லேபர் என்று ஒரு துண்டுச் சீட்டில் பேனாவில் எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி நம்பர் இல்லை. கேட்கவும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அப்பா அம்பாசிடர் ஓட்டிய காலத்தில் காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின் சத்தம் சீராகும் வரை வாசலிலேயே நிற்பார். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது அவர் சொன்னது: "முள் அசையற வரைக்கும் வண்டியை விரட்டாதே." இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு வாசலில் பத்து நிமிஷம் நிற்க வேண்டியதில்லை, அரை நிமிஷம், ஒரு நிமிஷம் போதும், பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடேற்றுவதுதான் நல்லது. ஆனால் விரட்டக் கூடாது என்பது இன்றைக்கும் சரிதான். அதனால் தினமும் காலையில் என் கண் அந்த முள்ளில்தான் இருக்கும். மடிப்பாக்கத்தில் கிளம்பினால் வழக்கமாகத் துரைப்பாக்கம் போவதற்குள் முள் நடுவுக்கு வந்து அப்படியே நிற்கும்.

ரிப்பேருக்குப் பிறகு அந்த முள் கால்வாசியைத் தாண்டவே இல்லை. சிறுசேரி வரைக்கும் ஓஎம்ஆரில் ஓட்டினாலும் அங்கேயேதான். மார்ச் மாதத்தில், சென்னையில்! போன் பண்ணிக் கேட்டேன். "கூலா ஓடுதுன்னா சந்தோஷப்படுங்க அக்கா. ஊர்ல எல்லாரும் ஹீட் ஆகுதுன்னு அழுவறாங்க" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்களுக்குச் சூடுதான் பயம், குளிர்ச்சி என்றால் நிம்மதி. இந்த ஏமாற்று வேலை நடப்பதே நம்முடைய அந்த நினைப்பை வைத்துத்தான்.

இஞ்சின் குளிர்ந்தே ஓடுவது நல்லதே இல்லை. தெர்மோஸ்டாட் என்பது இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கிற கதவு. உள்ளே மெழுகு இருக்கும். சூட்டில் அது விரிந்தால் கதவு திறக்கும், ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். பெரும்பாலான வண்டிகளில் 80 டிகிரியைத் தாண்டித்தான் திறக்க ஆரம்பிக்கும். அதுவரை கூலன்ட் இஞ்சினுக்குள்ளேயே சுற்றுவதால்தான் சீக்கிரம் சூடாகிறது. கதவே இல்லையென்றால் முதல் நிமிஷத்திலிருந்தே கூலன்ட் ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டே இருக்கும். வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? இஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாகவே விட்டுக்கொண்டிருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகிப் போகாது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம் லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி 11 கொடுக்க ஆரம்பித்தது மட்டும்தான். அதையும் கேட்டேன். "ஏசி போட்டா அப்படித்தான் அக்கா."

ஏப்ரலில் இஞ்சின் லைட் எரிந்தது. கொண்டுபோனேன். ஸ்கேனரைச் செருகினார், ஏதோ பார்த்தார், "சென்சார் சும்மா காட்டுது, கிளியர் பண்ணிட்டேன்" என்று 500 ரூபாய் வாங்கினார். பத்து நாளில் மறுபடியும் எரிந்தது. ஊருக்குப் போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பினோம். அம்மாவுக்கு எழுபது வயது, என் பையனுக்கு எட்டு. கத்திரி வெயில். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி, பரனூர் டோலுக்கு முன்னால் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. இரண்டு மாதமாகக் கால்வாசியில் கிடந்த முள் ஐந்தே நிமிஷத்தில் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரம் கட்டுவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி. பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் ஓடிவந்து, "அம்மா, மூடியைத் தொடாதீங்க, மூஞ்சிலயே அடிக்கும்" என்று என் கையைத் தட்டிவிட்டார். அவர் யாரென்று தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

அம்மாவை வேப்பமர நிழலில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பூஜைக்கு வாங்கிய மாலை வாடிப்போனது. டோ வண்டி வந்து மறைமலை நகரில் ஒரு மெக்கானிக்கிடம் இறக்கியது. பெரியவர். என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் கழற்றினார். ஹவுசிங்கைத் திறந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏம்மா, இதுல ஒண்ணுமே இல்லியே" என்றார்.

ரப்பர் ரிங் மட்டும் இருந்தது. தெர்மோஸ்டாட் இல்லை. பழசும் இல்லை, புதுசும் இல்லை. உள்ளே இருந்ததும் கூலன்ட் இல்லை, பச்சைக் கலர் கலந்த போர் தண்ணீர். விரலால் தேய்த்துக் காட்டினார், துருவும் சுண்ணாம்புப் படிவும். ஸ்கேனரில் பி0128 என்ற கோட் இருந்தது. கூலன்ட் ஏற வேண்டிய சூட்டுக்கு ஏறவில்லை, தெர்மோஸ்டாட்டைப் பார் என்பதுதான் அதற்கு அர்த்தம். அன்றைக்கு ஓனர் ஸ்கேனரில் பார்த்ததும் இதே கோடாகத்தான் இருக்கும். அழித்துவிட்டு 500 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

கதவு இல்லாவிட்டால் குளிர்ந்துதானே ஓட வேண்டும், எப்படிக் கொதித்தது என்று கேட்டேன். என் வண்டியில் இருக்கும் வகை தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பின்னால் இருக்கிற பைபாஸ் வழியை அடைத்துவிடுமாம். அது இல்லையென்றால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பத் திரும்ப இஞ்சினுக்குள் சுற்றும். ஓஎம்ஆரில் காற்று அடிக்கும்போது அது தெரியாது. கத்திரி வெயிலில் ஏசி போட்டு ஊரும்போது தெரிந்துவிட்டது. போதாததற்கு உப்புப் படிவம் ரேடியேட்டரைப் பாதி அடைத்திருந்தது.

புது தெர்மோஸ்டாட் வந்ததும் அதை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு ஸ்டவ்வில் வைத்தார். அதன் மேலேயே 82 என்று அடித்திருந்தது. தண்ணீர் கொதிப்பதற்கு முன்னாலேயே அந்தத் தட்டு மெதுவாக மேலே எழும்பியது. "இதப் பார்த்துட்டு மாட்டினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார். அந்தச் சின்னப் பொருளை உள்ளே போடாமல்தான் என்னிடம் 6,350 வாங்கியிருக்கிறார்கள்.

கொதித்ததில் இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கெட் போய்விட்டது. ஹெட் வளைந்துவிட்டது. டோ வண்டிக்கு 4,500, லேத்தில் ஹெட் ஃபேசிங், வால்வு வேலை 9,800, கேஸ்கெட் கிட், போல்ட் 7,600, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹோஸ் 8,900, ஆயில், ஃபில்டர், கூலன்ட் 5,200, லேபர் 11,800. மொத்தம் 47,800 ரூபாய். முதலில் அங்கே கொடுத்த 6,350-ம், 500-ம் இதில் சேரவில்லை. பையனின் அடுத்த டெர்ம் ஃபீஸுக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது.

பிறகு அந்த ஓனரோடு நடந்ததைக் கேளுங்கள். திங்கட்கிழமை காலை போன் பண்ணினேன். "அப்படியா அக்கா, வாங்க பாத்துக்கலாம்." காலி ஹவுசிங் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மதியம் அடித்தால் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒர்க்‌ஷாப் பையன் எடுத்து, "அண்ணன் ஊருக்குப் போயிருக்காரு" என்றான். புதன்கிழமை நேரிலேயே போனேன். கண்ணாடி ரூமில்தான் இருந்தார்.

முதல் வார்த்தையே "சொல்லுங்க மேடம்" என்றார். இரண்டு வருஷமாக அக்கா. அன்றைக்கு மேடம்.

புதுசு போட்டதாக பில் போட்டீர்களே, எங்கே என்று கேட்டேன். "மேடம், அது ஃபாரின் குளிருக்கு வெச்ச ஐட்டம். நம்ம ஊருக்குத் தேவையில்ல. உங்க நல்லதுக்குத்தான் எடுத்துவிட்டேன்." அப்படியென்றால் காசு எதற்கு வாங்கினீர்கள்? "அது பையன் பில் எழுதினதுல தப்பு." அடுத்த நிமிஷமே பேச்சு மாறியது. "வேற மெக்கானிக் கைவெச்ச வண்டிக்கு நான் பொறுப்பில்ல. அவரே எடுத்துட்டு என் மேல சொல்லலாமில்ல?" அதற்கு அடுத்தது: "ஹீட் ஏறும்போது ஓட்டினது உங்க மிஸ்டேக்." நான் குரலை உயர்த்தியதும் கையைக் காட்டி நிறுத்தி, "வீட்ல சார் இருந்தா பேசச் சொல்லுங்க மேடம், இதெல்லாம் டெக்னிகல் விஷயம்" என்றார். நின்றிருந்த பையன்கள் சிரித்தார்கள். அதே ரூமில்தான் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

வண்டி என் பெயரில் இருக்கிறது. தவணை கட்டியது நான். பேசச் சொல்ல வேறு யாரும் வேண்டாம்.

கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன் என்றேன். உட்கார்ந்து விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை, முக்கியமானது மட்டும். தெர்மோஸ்டாட் மாற்றினால் பக்கத்தில் நின்று பாருங்கள், பழசையும் டப்பாவையும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். "நம்ம ஊருக்கு வேண்டாம்" என்று எவராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். இருபது நிமிஷம் ஓட்டியும் முள் வழக்கமான இடத்துக்கு வராவிட்டால் அதுவும் கோளாறுதான். முள் இல்லாத வண்டியென்றால், இஞ்சின் குளிர்ந்திருப்பதைக் காட்டுகிற நீல லைட் அணையாமல் நிற்கும். அது அணைந்த பிறகும் சில கிலோமீட்டர் மிதமாகவே ஓட்டுங்கள், கூலன்ட் சூடானாலும் ஆயில் சூடாக இன்னும் நேரமாகும். போர் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். சிவப்புக்குப் போனால் உடனே நிறுத்துங்கள், மூடியைத் தொடாதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல் இன்று காலை புகார் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். துண்டுச் சீட்டு, வாட்ஸ்அப், காலி ஹவுசிங் போட்டோ, மறைமலை நகர் பெரியவர் எழுதிக் கொடுத்த கடிதம் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கிறது. திங்கட்கிழமை மனு போடுகிறேன். 47,800 ரூபாயோடு 6,350-ம், 500-ம் சேர்த்துத்தான் கேட்கப் போகிறேன்.