செடித்தொட்டிப் பாசிக்கு லேபிள் இல்லாத நீல பாட்டில்: டெல்டா நண்பர்கள் ஏமாற வேண்டாம்

கும்பகோணத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மூன்றடிச் செடித்தொட்டி, அதாவது நீர்ச்செடிகள் வளர்க்கும் கண்ணாடி மீன்தொட்டி அது. அனுபியாஸ், கிரிப்டோகோரைன், பின்வரிசையில் வாலிஸ்னேரியா, நிறைய செர்ரி இறால், கொஞ்சம் நத்தை. கத்திரி வெயிலில் அனுபியாஸ் இலை விளிம்புகளில் கறுப்புத் தாடிப் பாசி பிடித்தது. மீன் கடையில் சொன்னதும் 'ஃபுல் சர்வீஸ்' என்று ஆள் அனுப்பினார்கள். வந்தவர் தொட்டித் தண்ணீர் முழுவதையும் இறக்கினார். கேனிஸ்டர் ஃபில்டரைத் திறந்து ஸ்பாஞ்சையும் செராமிக் வளையங்களையும் குழாயடியில் வெளுக்கும்வரை கசக்கிக் கழுவினார். புதுத் தண்ணீர் நிரப்பி, லேபிள் இல்லாத ஒரு பாட்டிலிலிருந்து இரண்டு மூடி வெளிர்நீலத் திரவத்தை ஊற்றினார். மீதிப் பாட்டிலையும், 'செடி உரம்' என்று ஒரு வெள்ளைப் பொடிப் பொட்டலத்தையும் தனி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே இறால்கள் தரையைவிட்டு எழும்பித் திக்குத் தெரியாமல் சுற்றின. இரவில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்து கால்களை மட்டும் அசைத்தன. நத்தைகள் கண்ணாடி வழியே ஏறி நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டன. விடிந்தபோது ஓர் இறால்கூட மிஞ்சவில்லை. கடையில் கேட்டதற்கு, "உங்க போர் தண்ணி உப்புங்க சார், அதான்" என்று கையை விரித்துவிட்டார்கள். சில வாரத்தில் பாசி முன்பைவிட அடர்த்தியாகத் திரும்ப வந்தது. அதற்கும் இன்னொரு பாட்டில் வாங்கச் சொன்னார்கள்.

கடையின் பெயர் இங்கே தேவையில்லை. பாட்டிலில் என்ன இருந்தது, பொட்டலத்தில் என்ன இருந்தது, அந்த சர்வீஸில் எது தவறு என்பதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

பாட்டிலில் இருந்தது மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட் கரைசல். இதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டாம். துரு இல்லாத இரும்பு ஆணி ஒன்றை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, சந்தேகப்படும் திரவத்தை ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி அதில் பாதி முங்கும்படி வையுங்கள். அரை மணி நேரத்துக்குள் முங்கிய பாதி மட்டும் செம்பு நிறமாகப் படிந்தால் சந்தேகமே வேண்டாம். எல்லை கோடு போட்ட மாதிரி தெரியும். ஆணி நிறம் மாறாததால் மட்டும் பாட்டில் நல்லது என்று ஆகிவிடாது. செம்பை வேறு சேர்மத்தோடு பிணைத்து விற்கும் மருந்துகளில் ஆணி உடனே காட்டாது.

வயலில் பாசி கட்டினால் துத்தத்தைச் சாக்கில் கட்டி மடைவாயில் போடுவது நம் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த வேலை. 'வயலுக்கே போடுறோம், தொட்டிக்குப் போட்டா என்ன' என்று கடைக்காரர் கேட்பது அதனால்தான் எடுபடுகிறது. தொட்டிக் கணக்கே வேறு. துத்தத்தின் எடையில் கால் பங்கு செம்பு. 36×15×18 அங்குலத் தொட்டியின் வெளிக்கணக்கு சுமார் 159 லிட்டர் வரும். மண் இரண்டு அங்குலம், மேலே இரண்டு அங்குலம் காலி, கல், கட்டை, கண்ணாடியின் தடிமன் எல்லாம் கழித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் 115 லிட்டர் அளவுதான். அதில் 70 மில்லிகிராம் துத்தம் கரைந்தாலே செம்பு 0.15 பிபிஎம் (லிட்டருக்கு 0.15 மில்லிகிராம்) ஆகிவிடும். அது மீன் ஒட்டுண்ணிகளைக் கொல்ல மருந்தாகப் பயன்படுத்தும் அளவு. இறாலும் நத்தையும் அதில் பிழைக்காது. மூடிக்கணக்கில் ஊற்றினால் இதைப்போலப் பல மடங்கு போய்விடும். எந்த மருந்தானாலும், வெளி அளவை வைத்துக் கணக்குப் போடுகிறவரிடம் தொட்டியைக் கொடுக்காதீர்கள்.

இதில் இன்னொரு சங்கடம், ஊற்றிய செம்பு தண்ணீரோடு போய்விடாது. மண்ணிலும் கட்டையிலும் ஒட்டிக்கொண்டு, பிஎச் இறங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கரையும். ஏற்கெனவே ஊற்றிவிட்டவர்கள் உயிரோடு இருக்கும் இறாலையும் நத்தையையும் உடனே வேறு தண்ணீருக்கு மாற்றுங்கள். அடுத்தடுத்த நாள்களில் பாதிப் பாதியாகத் தண்ணீர் மாற்றுங்கள். ஃபில்டரில் செம்பைப் பிடிக்கும் ரெசின் போடுங்கள். சாதாரண ஆக்டிவேட்டட் கார்பன் ஓரளவுக்குத்தான் பிடிக்கும். செம்பு டெஸ்ட் கிட்டில் தொடர்ந்து சுழி காட்டிய பிறகும் முதலில் தானாகப் பெருகும் சிறு நத்தைகள் நாலைந்தை விட்டுப் பாருங்கள். அவை இரண்டு வாரம் இயல்பாக மேய்ந்தால் மட்டும் இறால் விடலாம். வடிக்கும் தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள்.

பொட்டலத்தில் இருந்தது உரக்கடையில் கிடைக்கும் 19-19-19. அதன் தழைச்சத்தில் பெரும்பங்கு யூரியாவும் அம்மோனியமும். பயிருக்கு அது நல்ல உரம். தொட்டியில் அதுவே அம்மோனியாவாக மாறி மீனுக்கு விஷம், பாசிக்கு விருந்து. உரக்கடையிலேயே வாங்கலாம், தவறில்லை. வாங்க வேண்டியது 13-0-45 என்ற பொட்டாசியம் நைட்ரேட்டும் 0-52-34 என்ற மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்டும். 100 லிட்டரில் 1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் போட்டால் நைட்ரேட் 6 பிபிஎம் கூடும். 0.15 கிராம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் போட்டால் பாஸ்பேட் 1 பிபிஎம் கூடும். நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டும் சின்ன எடைக்கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் பச்சைப் புள்ளிப் பாசி கெட்டியாக ஒட்டுகிறது என்றால் பெரும்பாலும் பாஸ்பேட் குறைவு. அதற்கும் 'பாஸ்பேட் ரிமூவர்' விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கிப் போட்டால் புள்ளி கூடும்.

சர்வீஸில் நடந்த பெரிய கேடு ஃபில்டரைக் கழுவியதுதான். மாநகராட்சிக் குழாயில் குளோரின் வருகிறது. அந்தத் தண்ணீரில் கசக்கியதும், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிக்கொண்டிருந்த பாக்டீரியாவில் பெரும்பகுதி போய்விட்டது. பழைய தொட்டி ஒரே நாளில் புதுத் தொட்டி ஆகிவிட்டது. செத்த பாசியும் செத்த இறாலும் அழுகி அம்மோனியா ஏற, அதை எடுத்துக்கொள்ள ஃபில்டரில் யாரும் இல்லை. இரண்டாவது முறை பாசி வந்தது இதனால்தான். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீர் பிடித்த வாளியில் அமுக்கிப் பிழிய வேண்டும். செராமிக்கை அதே வாளியில் அலசினால் போதும். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடக்கூடாது. குழாய்த் தண்ணீர் நிரப்பும்போது 100 லிட்டருக்கு 1.5 கிராம் ஹைப்போ கல் (சோடியம் தயோசல்பேட்) கரைத்துவிட்டால் சுமார் 2 பிபிஎம் குளோரின் வரை அடங்கும்.

இனி, அந்த அனுபியாஸ் இலையில் பாசி ஏன் வந்தது என்பதற்கு வருவோம். சர்வீஸ் ஆள் கேட்காத கேள்வி அதுதான்.

கறுப்புத் தாடிப் பாசி உண்மையில் சிவப்புப் பாசி இனம். ஓர் இலையை வெட்டி ஸ்பிரிட்டில் போட்டால் சிவந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு ஏறி இறங்கும் தொட்டியிலும் கழிவு சேர்ந்த தொட்டியிலும்தான் அது குடியேறும். நம் பகுதியில் இந்த ஏற்ற இறக்கத்துக்கு முக்கியக் காரணம் டைமர். பல் சக்கரம் வைத்த மெக்கானிக்கல் டைமர் மின்சாரம் போனால் அப்படியே நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்கு என்று காலை முதல் மாலை வரை கரண்ட் நிறுத்தினால் அத்தனை மணி நேரமும் டைமர் பின்தங்கும். லைட் இன்வெர்ட்டர் லைனில், செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு கேஸ் விடும் சிலிண்டரின் வால்வு சாதா லைனில் என்று இருந்தால் லைட் சரியாக எரியும், கேஸ் மட்டும் ராத்திரியில் திறக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஓடுகிற மாதிரியே தெரியும். பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமரை இரண்டுக்கும் போட்டால் இந்தத் தொல்லை தீரும். லைட் எரிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கேஸ் திறக்க வேண்டும். லைட் எரியும் நேரத்தில் டிராப் செக்கர் (தண்ணீரில் கரைந்த கேஸின் அளவை நிறத்தால் காட்டும் சின்னக் குப்பி) பச்சையாக இருக்க வேண்டும். நீலம் என்றால் குறைவு, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. உள்ளே 4 டிகேஎச் (கார்பனேட் கடினத்தன்மையின் அளவு) கரைசல்தான் ஊற்ற வேண்டும். தொட்டித் தண்ணீரை ஊற்றி வைத்தால் அந்த நிறத்தை நம்ப முடியாது. நிறம் மாற இரண்டு மணி நேரம் வரை ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது வெயில். தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போனால் கேஸும் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும், கிரிப்டோகோரைன் இலை கரைய ஆரம்பிக்கும், கரைந்த இலையெல்லாம் பாசிக்குத் தீனி. நீர்மட்டத்தின் மேல் சின்ன மின்விசிறி ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் காற்றில் ஈரம் அதிகமாதலால் அவ்வளவு இறங்காது. விசிறி ஓடினால் தண்ணீர் வேகமாக வற்றும். வற்றிய அளவுக்கு போர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். வற்றியதற்கு ஆர்ஓ தண்ணீர், மாற்றுவதற்கு வழக்கமான தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கோடையில் லைட் ஆறு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

காரணத்தைச் சரிசெய்த பிறகுதான் மருந்து. மெடிக்கலில் 20 வால்யூம் என்று கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதம். தொட்டித் தண்ணீர் 100 லிட்டருக்கு 15 மி.லி.க்கு மேல் போகக்கூடாது. ஃபில்டரை நிறுத்தி, தண்ணீர் அசைவு அடங்கியதும், ஊசியில்லாத சிரிஞ்சால் பாசி பிடித்த இலை மேல் மெதுவாக விடுங்கள். சிறு குமிழிகள் கிளம்பும். கால் மணி நேரம் கழித்து ஃபில்டரை ஓடவிட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் கறுப்பு மங்கி இளஞ்சிவப்பாகும். இறால் தானே மேய்ந்துவிடும். தேவைப்பட்டால் இரண்டு நாள் விட்டு இன்னொரு முறை. பாதிக்கு மேல் பாசி மூடிய பழைய இலையை வெட்டி எறிவதே மேல். மாஸ் (moss) செடி வகைகள் மேல் பெராக்சைடு படக்கூடாது.

'லிக்விட் கார்பன்' என்று லேபிள் இல்லாமல் விற்பதிலும் எச்சரிக்கையாக இருங்கள். அதன் மருந்து குளூட்டரால்டிஹைடு. ஆஸ்பத்திரிக் கருவிகளைச் சுத்தம் செய்ய 2.45 சதவீதத்தில் வருவதை வாங்கி மாற்று பாட்டிலில் ஊற்றினால், எத்தனை மி.லி. போடுவது என்று யாருக்கும் தெரியாது. ஆவி கண்ணையும் மூச்சுக்குழாயையும் தாக்கும். வாலிஸ்னேரியா சரியான அளவிலேயே கரைந்துபோகும்.

மண் மேல் பச்சைப் போர்வை மாதிரி படர்ந்து, கையால் எடுத்தால் ஏடாக உரிந்து வந்து, முடை நாற்றம் அடித்தால் அது நீலப்பச்சைப் பாசி. வயலுக்குத் தழைச்சத்து சேர்க்கிறது என்று நாம் விடும் அதே கூட்டம். காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும் இனங்கள் இதில் இருப்பதால் நைட்ரேட் சுழியாகக் கிடக்கும் தொட்டியில் இதற்குத்தான் கொண்டாட்டம். இதற்கு எரித்ரோமைசின் மாத்திரையைத் தூளாக்கி விற்கிறார்கள். பாசி சாகும், ஆனால் காரணம் அப்படியே இருப்பதால் திரும்பி வரும். முதலில் ஏட்டைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள், மூன்று நாள் தொட்டியைத் துணியால் முழுக்க மூடி வையுங்கள், ஏர் பம்ப் ஓடட்டும், திறந்ததும் பாதித் தண்ணீர் மாற்றி நைட்ரேட்டை 10 பிபிஎம் அளவில் நிறுத்துங்கள்.

பாசி தின்னும் மீன் என்று டேங்க் கிளீனரைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். வளர்ந்தால் ஒன்றரை அடி போகும், செடியைப் பிடுங்கும், ஆற்றில் விட்டால் நாட்டு மீனுக்குக் கேடு. சயாமீஸ் ஆல்கே ஈட்டர் என்று கேட்டால் பக்கக் கோட்டைப் பாருங்கள். அசல் மீனில் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனி வரை போகும், துடுப்புகளில் நிறம் இருக்காது.

எதை வாங்கினாலும் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, விலை, தயாரித்த மாதம் பாட்டிலில் இருக்க வேண்டும். பொட்டலப் பொருள்களுக்கு 2011 விதிகளின்படி இது கட்டாயம். சர்வீஸுக்கும் ரசீது கேளுங்கள். ஏமாற்றப்பட்டால் பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் வைத்து, தேதி தெரியும்படி படம் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.