ஆள் எடுக்க ஆன்லைன் தேர்வு: மூன்று வருடம் பார்த்த பிறகு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், மோபெனி பக்கம் ஒரு சின்ன லாரி டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் ஆள் எடுப்பது என் பொறுப்பு. முதலாளி, இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்காரர். நாலு தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பம். அவர் பேச்சில் ‘தம்பி’ மட்டும் தமிழ், மீதி இங்கிலீஷ். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று ஆள் எடுத்துச் சூடுபட்ட பிறகு, இந்த ஆன்லைன் தேர்வுக்குச் சந்தா கட்டினார். பேர் வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

நாற்பது நிமிடத் தேர்வு. கணக்கு, கவனம், ‘இந்த நிலைமையில் என்ன செய்வீர்கள்’, கடைசியில் குணம் பற்றிய கேள்விகள். முடிந்ததும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ரிப்போர்ட் வரும்.

ஆபீஸ் ஆட்களுக்கு இது நன்றாகவே வேலை செய்தது. எந்த வண்டி எந்தக் கன்டெய்னரை எப்போது எடுக்க வேண்டும் என்று திட்டமிடும் எங்கள் பிளானர் நாள் முழுக்க கன்டெய்னர் நம்பரோடு மல்லுக்கட்டுபவர். நாலு எழுத்து, ஏழு எண். அதில் கடைசி எண் சரிபார்ப்புக்கு. ஒன்று பிசகினாலும் துறைமுக கேட்டில் வண்டி நின்றுவிடும், உள்ளே போக எடுத்த நேர ஸ்லாட்டும் போய்விடும். கவனப் பகுதியில் மோசமாகச் செய்த ஒருவரை, தெரிந்த பையன் என்று எடுத்தோம். இரண்டாவது வாரமே 3-ஐ 8 என்று அடித்து அனுப்பினார். துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் ரோடு நெரிசலில் அரை நாள் கிடந்து வண்டி வெறுமனே திரும்பியது. அன்றிலிருந்து அந்தப் பகுதியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

டிரைவர் விஷயம்தான் வேறு கதை.

முதல் வருடம் ஒரு பெரியவர் வந்தார். ஜூலுதான் தாய்மொழி. டிரெய்லர் மாட்டிய கனரக லாரிக்கான ‘EC’ லைசென்ஸ், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற தொழில்முறை ஓட்டுநர் பெர்மிட், டர்பன்–ஜோஹன்னஸ்பர்க் நெடுஞ்சாலையான என்3-இல் இருபது வருட ஓட்டம். தேர்வில் முழுச் சிவப்பு. கேள்விகள் படித்தவர்களின் இங்கிலீஷில் இருந்தன, ஒன்றைக் காட்டி “இது லாரி பற்றியதா?” என்று என்னையே கேட்டார். எனக்கும் தெரியவில்லை. சரி, யார்டுக்குக் கூட்டிப் போனேன். டிரெய்லரைச் சுற்றி வந்தவர் பின் சக்கரத்தில் குனிந்து, ஒரு நட்டுக்குக் கீழே கோடாக வழிந்திருந்த துருவைக் கட்டைவிரலால் தேய்த்துக் காட்டினார். நட் தளர்ந்திருந்தது. எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. டிரெய்லரை மாட்டியதும் அதன் பிரேக்கைப் பிடித்து வைத்து, வண்டியை மெல்ல ஒரு இழுப்பு இழுத்து, பூட்டு விழுந்ததா என்று பார்த்த பிறகுதான் நகர்ந்தார். அவரை எடுத்தோம், இன்றும் இருக்கிறார்.

அதே மாதம் பச்சை வாங்கிய இன்னொருவர் சோதனை ஓட்டத்துக்குப் போனார். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து திரும்பும்போது வான் ரீனன் மலைப்பாதை இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார். இரண்டு டிரெய்லர் இழுக்கும் 56 டன் சூப்பர்லிங்க் லாரி! கீழே வரும்போது கேபினுக்குள் பிரேக் கருகும் நாற்றம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் பழைய டிரைவர் அடுத்த டோலிலேயே ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டார்.

சட்டமும் இருக்கிறது. 1998-இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், 8-ஆம் பிரிவு: உளவியல் தேர்வு என்றால் அது அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும், எல்லோருக்கும் நியாயமாகப் பொருந்த வேண்டும், எந்தப் பிரிவினருக்கும் பாரபட்சமாக இருக்கக் கூடாது. ஜூலு பேசுபவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று விற்றவர்களைக் கேட்டேன். பளபளப்பான ஒரு கையேடு வந்தது, பதில் வரவில்லை. தேர்வாகாதவர்களின் ரிப்போர்ட்டை அழிக்கச் சொல்லி மூன்று மெயில் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலையிலிருந்து தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கெடுபிடியான பிறகு, மாட்டினால் மாட்டுவது நாங்கள்தான்.

இப்போது டிரைவர்களுக்குக் கணினியே கிடையாது. எல்லோருக்கும் ஒரே வண்டி, அதில் நாங்களே வைத்த அதே மூன்று குறைகள்: கழற்றிய டெயில் பல்பு, முறுக்கிய ஏர் ஹோஸ், காற்று இறக்கிய ஒரு டயர். என்ன கண்டுபிடித்தார் என்று அவர் மொழியிலேயே சொல்லலாம். எங்கள் யார்டு மேற்பார்வையாளருக்கு ஜூலு தெரியும். அப்புறம் ஒரு சோதனை ஓட்டம்.

அடுத்த மாதம் சந்தா புதுப்பிக்க வேண்டும். பிளானருக்கு மட்டும் போதும், கவனப் பகுதியைத் தனியாக விற்பீர்களா என்று கேட்டிருக்கிறேன். “பாதி விலைக்குக் கேள் தம்பி” என்கிறார் முதலாளி.