மடியில் நிற்காத டேப்லெட் லேப்டாப் ஆகாது

லேப்டாப்பை விட்டுவிட்டு டேப்லெட்டை மட்டும் வைத்துக்கொண்டு முழுநேரமும் வேலை செய்ய முடியுமா என்று மூன்று வெவ்வேறு இயங்குதளங்களில் மாதக்கணக்கில் பழகிப் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் திரை கண்ணுக்கு இதமாக இருந்தது. வேகத்திலும் குறை சொல்ல எதுவும் இல்லை. வேலை தடைப்பட்ட இடங்கள் எல்லாமே ஒன்று கீபோர்டைச் சார்ந்திருந்தன, அல்லது மென்பொருளைச் சார்ந்திருந்தன. வாங்க நினைப்பவர்களும் இந்த இரண்டையும் பார்த்து முடித்த பிறகே மற்றவற்றுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கீபோர்டு. மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் புரோ போன்றவற்றில் டேப்லெட்டின் முதுகிலிருந்து ஒரு தாங்கி விரிகிறது. மெல்லிய கீபோர்டு காந்தத்தால் அடியில் ஒட்டிக்கொள்கிறது. மேசையில் வைத்தால் இந்த அமைப்பில் ஒரு குறையும் தெரியாது. மடியில் வைத்தாலோ, தாங்கியின் விளிம்பு முழங்காலை ஒட்டித் தொடையில் அழுந்துவதும், சற்று அழுத்தித் தட்டும்போதெல்லாம் கீபோர்டு வளைந்து திரையும் கூடவே ஆடுவதும் பத்து நிமிடத்திலேயே சலிப்பூட்டிவிடுகின்றன. ஐபேடுக்காக ஆப்பிள் 2020-இல் கொண்டுவந்த மேஜிக் கீபோர்டு கீல் வைத்தது என்பதால் மடியிலும் உறுதியாக நிற்கிறது. அதற்கு விலையாக எடை கூடுகிறது. 2024-இல் வந்த 13 அங்குல ஐபேட் புரோவின் தடிமன் வெறும் 5.1 மில்லிமீட்டர், எடை 579 கிராம். கீபோர்டையும் மாட்டினால் மொத்த எடை, 1.24 கிலோ உள்ள 13 அங்குல மேக்புக் ஏருக்குக் கிட்டத்தட்டச் சமமாகிவிடுகிறது. எடை குறையும் என்பதற்காக மட்டுமே டேப்லெட்டுக்கு மாற நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

விலை குறைவு என்று புளூடூத் கீபோர்டு உறை ஒன்றையும் நான் சில மாதங்கள் பயன்படுத்தினேன். சிறிது நேரம் தொடாமல் விட்டால் அது உறங்கிவிடும். மறுபடி தட்டத் தொடங்கும்போது முதல் இரண்டு மூன்று விசைகள் பதியாது. ஆங்கில எழுத்துகளில் தட்டினால் தமிழாக மாறும் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சு செய்பவன் என்பதால், ‘வணக்கம்’ என்று தொடங்கிய கடிதம் ‘அக்கம்’ என்று திரையில் நின்றது. டேப்லெட்டின் உலோகப் புள்ளிகளோடு நேரடியாக இணையும் கீபோர்டுகளுக்கு இந்தத் தொல்லையும் இல்லை, தனியாக மின்னேற்ற வேண்டிய வேலையும் இல்லை. கடையில் ஒரு வரி தட்டிப் பார்த்து முடிவு செய்யாமல், உட்கார்ந்து, மடியில் வைத்து, ஒரு பக்கமாவது தட்டிப் பாருங்கள். நீங்கள் பழகிய தமிழ் விசைமுறை தொடுதிரையில் இருக்கிறது என்பதால் கீபோர்டிலும் அது வேலை செய்யும் என்று எண்ணிவிடாமல் அதையும் அங்கேயே சோதித்துவிடுங்கள்.

மென்பொருளில் ஏமாறுவது இன்னும் எளிது. 2012-இல் வந்த சர்ஃபேஸ் ஆர்டி, பார்வைக்கு விண்டோஸ் கணினிதான். ஆனால் நாம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த மென்பொருள் எதையும் அதில் நிறுவ முடியவில்லை. விற்காமல் தேங்கிய சரக்குக்காக மைக்ரோசாஃப்ட் அடுத்த ஆண்டே 90 கோடி டாலரை இழப்பாகக் கணக்கில் எழுத நேர்ந்தது. 2024-இல் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப்போடு வந்த சர்ஃபேஸ் புரோ அந்த நிலையிலிருந்து வெகுதூரம் முன்னேறியிருக்கிறது. இன்டெல் சிப்புக்காக எழுதப்பட்ட பழைய மென்பொருள்களில் பெரும்பாலானவற்றை அது இடையில் மொழிமாற்றி இயக்குகிறது. ஆனால் பிரிண்டர், ஸ்கேனர் போன்ற கருவிகளைக் கணினியோடு இணைத்து இயக்கும் டிரைவர் மென்பொருள்களை அப்படி மொழிமாற்றி இயக்க முடியாது. ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் வகைச் சிப்புக்கென்றே எழுதிய டிரைவர் இருந்தாக வேண்டும். பழைய கருவிகளை நம்பித் தொழில் நடத்துபவர்கள் இன்டெல் சிப் உள்ள டேப்லெட்டை வாங்குவதே நல்லது.

ஐபேட் மெல்ல மெல்லக் கணினியை நெருங்கி வந்திருக்கிறது. 2019-இல் பென்டிரைவைப் படிக்கும் வசதியும், 2020-இல் டிராக்பேட் ஆதரவும், 2025-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26-இல் சாளரங்களை விருப்பம்போல அளவு மாற்றி நகர்த்தும் வசதியும் கிடைத்தன. அப்படியிருந்தும் அதன் எக்செல் செயலியில் விபிஏ மேக்ரோக்கள், அதாவது கோப்புக்குள் வேலைகளைத் தானாகச் செய்ய எழுதிவைக்கும் சிறு நிரல்கள், இயங்குவதில்லை. கோப்பு திறக்கும், எண்கள் தெரியும், ஒருவர் பாடுபட்டு எழுதிவைத்த பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. திரை 10.1 அங்குலத்துக்கு மேல் இருந்தால் வேர்டு, எக்செல் செயலிகளில் கோப்பைத் திருத்தவே சந்தா கட்ட வேண்டும் என்பதையும் பலர் வாங்கிய பிறகுதான் அறிகிறார்கள்.

ஆண்ட்ராய்டு வகையில் சாம்சங் கேலக்ஸி டேப் எஸ் வரிசையைத்தான் நான் பரிந்துரைப்பேன். அதன் டெக்ஸ் வசதி சாளரங்களை மேசைக்கணினி போல அடுக்கித் தருகிறது; எழுதுகோலும் பெட்டியிலேயே வருகிறது. உலாவியிலேயே வேலை முழுவதும் முடிந்துவிடுகிறவர்களுக்கு இது போதும்.

யூஎஸ்பி-சி துளைகள் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் திறனில் பெரிய வேறுபாடு உண்டு. 2022-இல் வந்த 10-ஆம் தலைமுறை ஐபேடில் நொடிக்கு 480 மெகாபிட் வேகம்தான். ஐபேட் புரோவில் 40 கிகாபிட். வெளித்திரையை இணைத்தால் முன்னது தன் திரையின் நகலைத்தான் காட்டும். பின்னது இரண்டாவது திரையாக விரித்துத் தரும். ரேம் நினைவகத்தைப் பின்னாளில் கூட்ட முடியாது என்பதால் விண்டோஸ் டேப்லெட்டில் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். பழையதை வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, 2017-இல் வந்த சர்ஃபேஸ் புரோவை விண்டோஸ் 11-க்கு மாற்ற மைக்ரோசாஃப்ட் முறைப்படி இடம் தரவில்லை.

படிப்பதும், ஓரக்குறிப்பு எழுதுவதும், வரைவதும், கட்டுரை எழுதுவதுமே வேலை என்றால் கீல் வைத்த கீபோர்டோடு ஐபேடை நம்பி வாங்கலாம். அலுவலக மென்பொருள்களை விட முடியாதவர்களுக்கு விண்டோஸ் டேப்லெட்டைத் தவிர வேறு வழியில்லை. எழுதுகோலைத் தொடவே போவதில்லை, நாள் முழுவதும் மடியில் வைத்துத் தட்டச்சு மட்டுமே செய்யப் போகிறேன் என்பவர்கள் அதே பணத்தில் நல்ல லேப்டாப்பையே வாங்கிக்கொள்ளட்டும்.