முக்கொம்பு பூங்கா: வெயில் தாழப் போங்கள்

திருச்சியிலிருந்து கரூர் சாலையில் சுமார் 18 கிலோமீட்டர் போனால் முக்கொம்பு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம், 1830களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை இங்கேதான் இருக்கிறது. ஆனால் என் பையனுக்கு அதெல்லாம் எதற்கு, வண்டியை நிறுத்துவதற்குள் ஊஞ்சலைப் பார்த்து ஓடிவிட்டான்.

நாங்கள் செய்த தப்பு, பகல் பதினொரு மணிக்குப் போனது. சறுக்குமரம் தோசைக்கல்லாகக் கொதித்தது, ஒரே ஒரு தடவை சறுக்கிவிட்டுப் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் வந்தான், அப்புறம் என் துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார வைத்துத்தான் விட்டேன். மற்றபடி பெரிய மரங்கள் நிறைய, நிழலுக்குப் பஞ்சமில்லை. பாயும் புளிசாதமும் இருந்தால் சாயங்காலம் வரை ஓட்டிவிடலாம்.

ஆடிப்பெருக்கு அன்றைக்கு மட்டும் சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம், கூட்டம் நெரியும். ஆற்றில் இறங்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள், மேலே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே இழுப்பு இருக்கும், 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பக்கத்து மதகுகளையே உடைத்துக்கொண்டு போன தண்ணீர் இது.

சுட்ட சோளம் வாங்கினால் மிளகாய்ப்பொடியைக் குறைத்துத் தடவச் சொல்லுங்கள். நான் சொல்ல மறந்தேன், கொண்டுபோன இரண்டு பாட்டில் தண்ணீரும் காலி.