14417 உதவி எண்ணா, பள்ளியிலேயே ஆலோசகரா?

மாணவர்களுக்கு வழிகாட்ட 14417 என்ற கல்வி உதவி எண்ணே போதுமா, பள்ளியிலேயே ஓர் ஆலோசகர் வேண்டுமா? அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் பலவற்றில் இந்தத் தயக்கம் எழுகிறது.

செலவு: தமிழக அரசு 2018-இல் தொடங்கிய 14417-க்குப் பள்ளி எதுவும் செலவிட வேண்டியதில்லை. ஆலோசகருக்குச் சம்பளமும், பிறர் காதில் விழாமல் பேச ஓர் அறையும் வேண்டும்.

எட்டும் தூரம்: உதவி எண் எந்தக் கிராமத்துக்கும் எட்டும், ஆலோசகர் ஒரு பள்ளிக்கே.

சமவாய்ப்பு: பெரிய வேறுபாடு இங்கேதான். வீட்டின் ஒரே கைபேசி அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும்போது, தனக்கு நடக்கும் கல்யாணப் பேச்சைப் பத்தாம் வகுப்பு மாணவி யாரை அழைத்துச் சொல்வாள்? ஆலோசகரோ வருகைப் பதிவேட்டைப் புரட்டி, திங்கட்கிழமைதோறும் வராதவளைத் தாமே கூப்பிட்டு விசாரிக்கலாம்; 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் புதுமைப் பெண் திட்டத்தையும், மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டையும், கேட்கவே தெரியாத முதல் தலைமுறையாகப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

தொடர் கவனிப்பு: ஆலோசகரால் மட்டுமே இயலும்.

தேர்வு நேரப் பதற்றத்துக்கும் உயர்கல்வித் தகவலுக்கும் 14417 பொருந்தும். இடைநிற்றல் மிகுந்த பள்ளிக்கு ஆலோசகர் கட்டாயம் வேண்டும். நிதி போதாவிட்டால், அருகிலுள்ள இரு பள்ளிகள் நன்கொடையாளர் உதவியுடன் ஒருவரைப் பகிர்ந்துகொள்ளலாம்.