எனக்கு எது ஒத்துக்காது? பத்தியம், தோல் டெஸ்ட், ஆப், நோட்டு

பிறந்தது கடலூர் ஓ.டி. (துறைமுகம் இருக்கும் பழைய டவுன்), வாழ்க்கைப்பட்டது மஞ்சக்குப்பம், வீசிங் வந்து பதினோரு வருஷம். எது ஒத்துக்கலையோ அதைத் தள்ளி வை என்று சொல்லாத ஆள் இல்லை, ஆனால் அது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை யாரும் சொன்னதில்லை. நாலு வழியையும் நானே பார்த்துவிட்டேன். இப்போதுதான் தேடத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பத்தியம். அத்தை சொன்னபடி தயிர், வாழைப்பழம், எலுமிச்சை, இறால், நண்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். மாசிக் கடைசியில் ஆரம்பித்தது, பங்குனி முழுக்க மூச்சு நன்றாக இருந்தது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஐப்பசியில் மழை பிடித்ததும், அதே பத்தியத்தில் இருக்கும்போதே, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து இரைக்க ஆரம்பித்தேன். அப்படியென்றால் பங்குனியில் என்னைக் காப்பாற்றியது பத்தியமா, வெயிலா? ஒரே நேரத்தில் ஐந்து பொருளை நிறுத்தினால் எது என்றே தெரியாது. சாப்பாடு மீதுதான் சந்தேகம் என்றால் ஒரு பொருளை மட்டும் சில வாரம் நிறுத்தி, திரும்பச் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் எதையாவது சாப்பிட்டு உதடு வீங்கியது, தொண்டை அடைத்தது என்றால் இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது, டாக்டரிடம் போங்கள்.

அடுத்து புதுச்சேரியில் தோல் டெஸ்ட். முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து லேசாகக் குத்துவார்கள், பதினைந்து இருபது நிமிஷத்தில் தடிப்பு வருகிறதா என்று அளப்பார்கள். அலர்ஜி மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தடிப்பு வராது. எனக்குத் தூசிப்பூச்சி (வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி), கரப்பான், இறால் மூன்றுக்கும் தடித்தது. இறால் என்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஓ.டி.யில் வளர்ந்தவளிடம் இறாலை விடச் சொன்னால் எப்படி? டாக்டர் பொறுமையாக விளக்கினார். தூசிப்பூச்சியிலும் இறாலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான புரதம் இருக்கிறது, ஒன்றுக்குத் தடிக்கிற தோல் இன்னொன்றுக்கும் தடிக்கலாம், இத்தனை வருஷம் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் விட வேண்டாம் என்றார். உடம்பு எதை அடையாளம் வைத்திருக்கிறது என்பதைத்தான் இந்த டெஸ்ட் காட்டும், எது உங்களை இரைக்க வைக்கிறது என்பதை அது நேராகச் சொல்லாது. கொசுவத்திப் புகை, போகிப் புகை, ஜலதோஷம், சிலருக்கு ஒத்துக்காத ஆஸ்பிரின், புரூஃபென் மாதிரி வலி மாத்திரைகள், இவை எதுவும் இதில் தெரியாது.

மூன்றாவது, வீசிங் வருவதைப் போனில் குறித்துவைக்கும் ஆப். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நினைவூட்டல் அடிக்கும், வரைபடம் அழகாக வரும். ஆனால் ‘மெத்தையை உதறினேன்’, ‘பரணில் இருந்து பாத்திரம் இறக்கினேன்’ என்று எழுத அதில் இடமே இல்லை. ஒன்பது நாளில் விட்டுவிட்டேன்.

என்னைக் கரை சேர்த்தது நாற்பது பக்க நோட்டும் ஒரு பீக் ஃப்ளோ மீட்டரும்தான். மூச்சை எவ்வளவு வேகமாக ஊதித் தள்ளுகிறோம் என்று எண்ணில் காட்டும் சின்னக் கருவி அது. காலையிலும் மாலையிலும், மருந்துக்கு முன்னால், நின்றபடி மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணை எழுதுவேன். நன்றாக இருந்த இரண்டு வாரத்தில் என்னுடைய அதிகபட்சம் 380. அதில் 80 சதவீதத்துக்கு மேல், அதாவது 304க்கு மேல் இருந்தால் பரவாயில்லை. பாதிக்குக் கீழே, 190க்கும் கீழே போனால் இரைப்பை உடனே தணிக்கும் நீல இன்ஹேலரை எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரி. எண்ணுக்குப் பக்கத்தில் முந்தின நாள் என்ன செய்தேன், எங்கே தூங்கினேன் என்று இரண்டு வரி. முந்தின நாள் ஏன் என்றால், ஒத்துக்காத பொருள் பட்ட உடனே ஒரு இழுப்பு, அடங்கி நாலைந்து மணி நேரம் கழித்து இன்னொரு இழுப்பு என்றும் வரும், அதற்குள் காரணம் மறந்துபோகும்.

கார்த்திகையில் என் நோட்டு இப்படி இருந்தது: மாலை 360, காலை 280. மாலை 355, காலை 275. ஆஸ்துமாக்காரர்களுக்குப் பொதுவாகவே விடியற்காலையில் எண் இறங்கும், அதனால் அப்போதும் நான் முடிவு கட்டவில்லை. அப்புறம் முத்தியால்பேட்டையில் அக்கா வீட்டில் ஐந்து நாள் தங்கினேன். அதே மழை, அதே மருந்து, இறால் தொக்குகூட உண்டு. காலை எண் 350, 360, 365. வீடு திரும்பிய இரண்டாம் நாள் 290. கடற்காற்று, தயிர் என்று பழிபோட்டதெல்லாம் பொய், குற்றவாளி எனக்கு அடியிலேயே இருந்தது: ஈரச் சுவரை ஒட்டிப் போட்டிருந்த பழைய இலவம்பஞ்சு மெத்தை. தூசிப்பூச்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

டெஸ்ட் எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை, தூசிப்பூச்சி என்று அது பெயர் சொன்னது, எந்த அறை என்று நோட்டு காட்டியது. ஒன்றுக்குத்தான் காசு என்றால் நான் மீட்டர்தான் வாங்குவேன்.

மெத்தை போய்விட்டது, கட்டில் சுவரைவிட்டு நகர்ந்துவிட்டது, போர்வைகளை வாரம் ஒரு முறை கொதிநீரில் ஊறவைத்துத் துவைக்கிறேன். தினசரி இன்ஹேலரை மட்டும் நிறுத்தவில்லை, மெத்தையைத் தூக்கிய தைரியத்தில் நீங்களும் நிறுத்திவிடாதீர்கள், குறைப்பதாக இருந்தால் டாக்டர் குறைக்கட்டும். நேற்றுக் காலை எண் 365.